அறிவிப்புப் பலகைக்கு ஒரு நகல்

கோமதி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. இதை எழுத உட்காருவதற்கு முன்னால் அவளுக்குப் போன் செய்து, "உன் விஷயத்தை எழுதலாமா?" என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

"எழுதுங்க மேடம். கண்ணு விஷயம்னே எழுதுங்க. என் பேரும் ஊர் பேரும் வாணாம். அக்கா பேரு எங்கியும் வரக்கூடாது."

ஆகவே அவள் ஊர் உத்திரமேரூருக்கும் செய்யாற்றுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அக்காவை அக்கா என்றே எழுதுகிறேன். ஒரு பெண்ணைப் பற்றி நாலு வரி எழுத இத்தனை கேள்வி கேட்க வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு தடவை கேட்காமல் எழுதிவிட்டு நான் பட்டது போதும்.

நான் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, மாணவர் பிரிவின் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவள். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. திருப்புலிவனம் பக்கத்தில் வீடு. காலையில் உத்திரமேரூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு பஸ், அதற்கப்புறம் இன்னொன்று. முப்பது வருடத்துக்கு மேல் இப்படிப் போய் வந்ததில் எனக்கு இடுப்பு வலியும் பிடிவாதமும் மிச்சம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரவீணா வீட்டுக்கு வந்தாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். மடிக்கணினியைத் திறந்து புதிய சேர்க்கைப் படிவத்தைக் காட்டினாள். எல்லாம் இனிமேல் இணையத்தில்தானாம். பெயர், முகவரி, மதிப்பெண், எல்லாம் கடந்து கீழே ஒரு கேள்வி: மாற்றுத்திறன் உண்டா? உண்டு என்றால் என்ன வகை?

"இத யார் யார் பாக்கலாம்னு சாஃப்ட்வேர்காரங்க கேக்கறாங்க மேடம். எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் திறந்து வுட்டுடு, அப்பதான் எவனும் நம்மள வந்து கேக்க மாட்டான்னு மேல சொல்றாங்க. எனக்கும் அதான் ஈஸி. ஆனா நீங்க ரிட்டயர் ஆவும்போது ஒரு ரெஜிஸ்டர என் கையில குடுத்து, இத யாருக்கும் திறந்து காட்டாதன்னு சொன்னீங்க. ஏன்னு சொல்லவே இல்ல."

உண்மைதான், சொல்லவில்லை. அவமானமாக இருந்தது. இப்போது சொல்கிறேன், அவளுக்கும் அவளுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்கும்.

என்னை அலுவலகத்தில் வளர்த்துவிட்டவர் ஏகாம்பரம் சார். நான் சேர்ந்தபோது அவர் உதவியாளர். கடைசியில் உதவிப் பதிவாளர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. தப்பு இருந்தால் பென்சிலால் ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்புவார். எது தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். முதல் வருடம் முழுக்க எனக்கு அந்தக் கேள்விக்குறிதான் கனவில் வந்தது.

எந்தக் காகிதத்தையும் அவர் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். ஓர் ஆணையின் அடியில் 'நகல்' என்று போட்டு, அது யார் யாருக்குப் போகிறது என்று வரிசையாக எழுதியிருக்கும் இல்லையா, அதைத்தான் முதலில் பார்ப்பார். துறைத் தலைவர், தேர்வுப் பிரிவு, நூலகம், விடுதி, போக்குவரத்து, உடற்கல்வி, கடைசியில் அறிவிப்புப் பலகை. ஒன்று குறைந்தாலும் கேள்விக்குறி. "நகல் போகாத ஆளு நாளைக்கு வந்து எனக்குத் தெரியாதுன்னு நிப்பான்" என்பார். அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். ஆணையில் என்ன இருக்கிறது என்று யோசிக்காமலே விரல் அதை அடித்து முடித்துவிடும். நகல் விட்டுப்போகாத பிரிவு என்று எங்கள் பிரிவுக்கு ஒரு பெயரே இருந்தது. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

கோமதி முதுகலை முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது நான் சூப்பிரண்டு. மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் அவள் என் மேசைக்கு எதிரில் வந்து நின்றாள். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதுக்கு அந்தப் பக்கம் இருந்த பீரோவைப் பார்த்தாள். என்ன திமிர் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பையிலிருந்து மருத்துவக் குழுவின் சான்றிதழை எடுத்து நீட்டினாள். கண்ணின் நடுப்பகுதியில் பார்வை போய்க்கொண்டே வரும் நோய். நேராகப் பார்த்தால் எதிரில் இருப்பது கலங்கிவிடும். பார்வையை ஓரமாகத் திருப்பினால்தான் தெரியும். பரம்பரையாக வரக்கூடியது என்றும் எழுதியிருந்தது. தேர்வில் பெரிய எழுத்தில் வினாத்தாள், கூடுதல் நேரம், ஜன்னலோர இருக்கை, எழுத்தைப் பெரிதாக்கும் லென்ஸ் வைத்துக்கொள்ள அனுமதி. இவ்வளவுதான் அவள் கேட்டது.

"மேடம், இத வெளிய யாருக்கும் சொல்ல மாட்டீங்க இல்ல?"

"ஆபீஸ் விஷயம்மா. ஆபீஸுக்குள்ளதான் இருக்கும்."

சத்தியமாக அப்படி நம்பித்தான் சொன்னேன். அவள் போனதும் அன்றைக்கே குறிப்பு எழுதினேன். மாணவருக்குச் சேர வேண்டியது சீக்கிரம் சேர வேண்டும் என்பதில் எனக்கு அவசரம் அதிகம். பொருள் என்ற இடத்தில் அவள் பெயர், வகுப்பு, 'பரம்பரைக் கண் நோய் காரணமாகப் பார்வைக் குறைபாடு', தேர்வில் சலுகை, அனுமதி, ஆணை என்று சுத்தமாக அடித்தேன். கீழே நகல் பட்டியலும் வந்து விழுந்தது. விடுதியில் தங்காத பெண்ணுக்கு விடுதிக்கு ஒரு நகல். மைதானத்துப் பக்கமே போகாதவளுக்கு உடற்கல்விக்கு ஒரு நகல். ஏகாம்பரம் சார் கீழிருந்து படித்தார். கேள்விக்குறி இல்லை. கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் அலுவலக உதவியாளர் கடைசி நகலை எடுத்துப்போய்ப் பலகையில் நாலு குண்டூசி குத்திவிட்டு வந்தார். நாலு மூலையும் சரியாக இருக்கிறதா என்று நானே போய்ப் பார்த்தேன்.

அது மூன்று நாள் அங்கே இருந்தது.

நாலாம் நாளிலிருந்து கோமதி வகுப்புக்கு வரவில்லை. அடுத்த வாரம் என் மேசைக்கு முன்னால் மூன்று பேர் வந்து நின்றார்கள். கோமதி, அவள் அப்பா, அவள் அக்கா. அப்பா ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கிறவர். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், நல்ல காரியத்துக்குக் கிளம்பியவர்போல. கையில் இருந்த போனை என் பக்கம் திருப்பினார். அதில் எங்கள் அறிவிப்புப் பலகை. நடுவில் என் ஆணை. நாலு குண்டூசியும் தெரிந்தன.

"இது யார் அடிச்ச பேப்பர்மா?"

"நான்தான்."

"வெத்தலபாக்கு மாத்தியாச்சு. பெரியவளுக்கு. அடுத்த மாசம் கல்யாணம். மாப்ள வூட்டுக்காரங்க சொந்தத்துல யாரோ இங்க படிக்கிறாங்களாம். அவுங்க போட்டோ எடுத்து அனுப்பி, அது ஊரெல்லாம் சுத்திக்கினு கீது. குடும்பத்துலயே கண்ணு போற நோவு கீதாமே, எங்களாண்ட மறைச்சிட்டீங்களே, இந்த சம்பந்தம் வாணாம்னு ஆள் அனுப்பிட்டாங்க. பெரியவளுக்கு ஒண்ணும் இல்லமா. கண்ணு நல்லா கீது. யார் நம்புறாங்க?"

அவர் மடித்து வைத்திருந்த இன்னொரு தாளை எடுத்தார். யாரிடமோ எழுதி வாங்கியது. தனக்குப் பார்வையில் எந்தக் குறையும் இல்லை, தவறுதலாக விண்ணப்பித்துவிட்டேன், சலுகையை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று கோமதி எழுதுவதாக இருந்தது. அடியில் கையெழுத்துக்கு இடம்.

"இவ கையெழுத்து போடுவா. நீ இவளுக்கு ஒண்ணும் இல்லன்னு ஒரு ஆர்டர் அடி. அதையும் அதே போர்டுல ஒட்டு. நான் போட்டோ எடுத்துக்கினு போயி அவுங்க மூஞ்சியில காட்டறன்."

முதல் பருவத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. இந்தத் தாளில் அவள் கையெழுத்துப் போட்டால் எல்லோருக்கும் கொடுக்கும் சின்ன எழுத்து வினாத்தாள்தான் அவளுக்கும். முதல் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். அந்தப் படிப்பு அங்கேயே நின்றுவிடும். இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், அப்பாவுக்கும் சேர்த்து. கோமதி என் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடினாள்.

அதுவரை வாயே திறக்காத அக்கா பேனாவைப் பிடுங்கினாள்.

"போடாதடி."

"நீ சும்மா இரு," என்றார் அப்பா.

"இன்னா நைனா சும்மா இர்றது? அவுங்க பூட்டாங்க. இவ பேப்பர கிழிச்சா திரும்பி வந்துடுவாங்களா? நாளைக்கி இவ கண்ணுக்கு இன்னும் கம்மியா தெரியும்போது இன்னா பண்ணுவ, அதுக்கும் ஒண்ணும் இல்லன்னு ஒரு பேப்பர் வாங்கினு வருவியா? என் கல்யாணத்துக்காக இவள வூட்ல குந்த வெச்சன்னு வாழ்க்க முழுக்க நான் கேட்டுக்கினு இருக்க மாட்டன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் சத்தம் போடவில்லை.

"மேடம், இவ உங்களாண்ட சொன்னா. போர்டாண்ட சொல்லல. நீங்க பண்ணது தப்பு. அத்த மறைக்கறதுக்கு இப்ப பொய் ஒண்ணு எழுதாதீங்க. இவ யாராண்ட சொல்லச் சொல்றாளோ அவுங்களாண்ட மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வாணாம் எங்களுக்கு."

நான் எழுந்து நின்றேன். "தப்புதான். என் தப்புதான். என்னை மன்னிச்சிடுங்க," என்றேன். பிரிவில் இருந்த ஆறு பேரும் தட்டச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். மன்னித்ததாக அவர்களில் யாரும் சொல்லவில்லை.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. வருடத்துக்கு ஒரு நாள் தலைமையாசிரியர் வகுப்புக்கு வருவார். "ஸ்காலர்ஷிப் புள்ளைங்கள்லாம் எழுந்திருங்க" என்பார். நாங்கள் எழுந்து நிற்போம். பெயர் சரிபார்த்து முடிக்கிற வரை நிற்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் கழுத்தைத் திருப்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார்கள். எந்தத் தெருப் பிள்ளை என்று தெரியாதவர்களுக்கும் அன்றைக்குத் தெரிந்துவிடும். அடுத்த நாளிலிருந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போனால் பார்வை வேறு மாதிரி இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்குச் சேர வேண்டியது சேர வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார். நானும் அதையேதான் செய்திருந்தேன், இன்னும் சுத்தமாக, தட்டச்சில். பஸ் உத்திரமேரூர் வந்து நின்ற பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். நடத்துனர் வந்து, "இன்னாமா, தூங்கிட்டியா?" என்று கேட்டார்.

அழுதுகொண்டிருந்தால் அந்தப் பெண் தேர்வு எழுத முடியாது. மறுநாளிலிருந்து மூன்று நாள் பழைய சுற்றறிக்கைக் கட்டுகளை அவிழ்த்துத் தேடினேன். சலுகை ஆணையைப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? ஓரிடத்திலும் இல்லை. தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம். பிறகு ஒரு குறிப்பு எழுதி ஏகாம்பரம் சார் மேசையில் வைத்தேன்.

வழக்கம்போல அவர் அடியிலிருந்து படிக்கப் போனார். அடியில் ஒன்றும் இல்லை.

"நகல் எங்கம்மா?"

"இல்ல சார்."

"யாருக்குமே இல்லையா?"

"யாருக்கு வேணும்னு அந்தப் பொண்ணைக் கேட்டுட்டுத்தான் சார் போடணும்."

பென்சிலை எடுத்தார். "ரூல் என்ன சொல்லுது?"

"பலகையில ஒட்டணும்னு எந்த ரூலும் இல்ல சார். மூணு நாள் தேடிட்டேன். யார் ஆரம்பிச்சதுன்னுகூடத் தெரியல."

அவர் பென்சிலை விரல்களுக்கு நடுவில் உருட்டினார்.

"நான்தாம்மா ஆரம்பிச்சேன். நீ சேர்றதுக்கு முன்னாடி. ஒரு பையனுக்குத் தேர்வு மையம் மாத்தின ஆர்டர் போய்ச் சேரல. பழைய மையத்துக்குப் போயி நின்னுட்டு வந்தான். ஒரு வருஷம் போச்சு. அதுலேருந்து எந்த ஆர்டரா இருந்தாலும் கடைசியா போர்டுக்கு ஒண்ணுன்னு போட ஆரம்பிச்சேன்."

ஒரு பையனுக்கு நல்லது செய்ய வந்த பழக்கம் அது. இருபத்தைந்து வருடமாக யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. என் குறிப்பை அவர் மேலிருந்து கீழாகப் படித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டு தடவை படித்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாணவர் தரும் சான்றிதழும் விண்ணப்பமும் ஒரு உறைக்குள் போய் ஒட்டப்படும். உறையின்மேல் பெயர் இருக்காது, எண் மட்டும். பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவி சூப்பிரண்டிடம். வெளியே போவது ஒரு சின்னத் தாள். அதில் பதிவு எண்ணும், என்ன தேவை என்பதும் மட்டும் இருக்கும். ஏன் தேவை என்பது இருக்காது. பெரிய எழுத்து வினாத்தாள் அச்சடிக்கிறவருக்கு எழுத்து எத்தனை பெரிதாக வேண்டும் என்று தெரிந்தால் போதும். யாருடைய கண்ணுக்கு என்ன என்று தெரிந்து அவர் என்ன செய்யப்போகிறார்?

இதோடு ஒரு பதிவேடு. நீளக் கோடு போட்ட சாதாரணப் பதிவேடுதான், நானே அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டேன். யாருக்குச் சொல்லப்பட்டது, என்ன சொல்லப்பட்டது, எதற்காக, சொன்னவர் யார். கடைசிக் கட்டம் மாணவர் கையெழுத்து. மாணவரைக் கூப்பிட்டு, இன்னாருக்கு இதைச் சொல்லலாமா என்று கேட்டு, அவர் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தாள் போகும்.

கோமதிக்கு நானே போன் செய்தேன். மூன்று தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தது அக்கா. விஷயத்தைச் சொன்னேன். "நாளைக்கி அனுப்பறன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அப்பாவை எப்படிச் சமாளித்தாள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் கோமதி வந்து பதிவேட்டில் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டாள், வினாத்தாள் அச்சடிக்கும் தேர்வுப் பிரிவுக்கு மட்டும்.

"தேர்வு அறைக்கு வர்ற சாருக்குச் சொல்ல வேணாமா?" என்று கேட்டேன்.

"யாருக்கும் வாணாம் மேடம். போதும்."

வற்புறுத்த எனக்கு எந்த முகம் இருந்தது? இங்கேதான் நான் இரண்டாவது தடவையாகத் தடுமாறினேன். அறைக்குச் சொல்லாமல் விட்டால் லென்ஸுக்கும் கூடுதல் நேரத்துக்கும் என்ன ஆகலாம் என்று அவளுக்கு விளக்கியிருக்க வேண்டும். என் குற்ற உணர்ச்சியில் வாயை மூடிக்கொண்டேன்.

தேர்வு தொடங்கி அரை மணி நேரத்தில் எனக்கு ஆள் வந்தது. புதிதாக வந்த ஒரு பேராசிரியர் கோமதியின் விடைத்தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவளை வராந்தாவில் நிறுத்தியிருந்தார். நான் போன வேகத்தில் ஒரு செருப்பு படியிலேயே கழன்றுவிட்டது.

"காப்பி அடிக்கிறாங்க மேடம். நானும் பார்த்துட்டே இருக்கேன், தன் பேப்பரைப் பார்க்கவே இல்ல. ஓரக்கண்ணால பக்கத்து பெஞ்சைத்தான் பார்க்கறாங்க. கையில லென்ஸ் வேற. கேட்டா என் முகத்தைக்கூடப் பார்க்காம செவுத்தைப் பார்த்துப் பதில் சொல்றாங்க."

அவர்மேல் தப்பு இல்லை. நானே முதல் நாள் திமிர் என்று நினைத்தவள்தானே. உண்மையைச் சொன்னால் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். அந்த வாக்கியம் என் நுனிநாக்கில் இருந்தது. உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் கையெழுத்து இல்லை. நான் சொல்லக்கூடாது.

கோமதியைத் தள்ளி அழைத்துப்போய்க் கேட்டேன். "இவருக்குச் சொல்லலாமா? வேணாம்னா வேணாம். வேற வழி பார்த்து நான் சண்டை போடறேன். ஆனா நேரம் போவுது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, விழவில்லை.

"நீங்க சொல்ல வாணாம் மேடம். நானே சொல்றன்."

அவரிடம் போனாள். தலையைச் சாய்த்து அவருடைய தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

"சார், உங்கள நேரா பாத்தா எனக்கு நீங்க தெரிய மாட்டீங்க. மூஞ்சி இருக்கற எடத்துல ஒரு பொகதான் தெரியும். உங்கள பாக்கறதுக்குத்தான் செவுத்த பாக்கறன். என் பேப்பர பாக்கறதுக்குத்தான் பக்கத்து பெஞ்ச பாக்கறன். பெரிய எழுத்துப் பேப்பரு ஏன் குடுத்தாங்கன்னு நெனச்சீங்க?"

பேராசிரியர் விடைத்தாளை நீட்டினார். "சாரிம்மா. உட்காருங்க. போன நேரத்தைச் சேர்த்துத் தரேன்," என்றார். அறைக்குள் வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. நான் கதவுக்கு வெளியே ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தேன்.

தேர்வு முடிந்ததும் அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். "அந்த ரெஜிஸ்டர குடுங்க மேடம்," என்றாள். தேர்வு அறைக்கு வருபவர்கள் என்று ஒரு வரி எழுதச் சொல்லி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். "ஹாலுக்கு வர்றவங்களுக்கு மட்டும். ஓரமா பாப்பா, அது காப்பி இல்லன்னு மட்டும் சொல்லுங்க. நோவு பேரு வாணாம்." எதைச் சொல்ல வேண்டும், எத்தனை சொல்ல வேண்டும் என்று என்னைவிட அவள் தெளிவாக இருந்தாள். அதற்கப்புறம் யாருடைய உறை வந்தாலும், சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டையும் விளக்கிவிட்டுத்தான் பதிவேட்டை நீட்டினேன். ஓய்வு பெறும் நாள் வரை அதில் நான் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. சில அதிகாரிகள் சலித்துக்கொண்டார்கள். "என்னம்மா, ராணுவ ரகசியமா?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆமாம் சார் என்று சொல்லிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன்.

கோமதி இரண்டு வருடத்தையும் ஒரு பாடம்கூட விடாமல் முடித்தாள். சான்றிதழ் வாங்க வந்த அன்றைக்கு, "என் பக்கத்தப் பாக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். அது அவளுடைய பக்கம்தானே. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக் கொடுத்தேன். லென்ஸை வைத்து மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். அது அவள் இல்லாதபோது, பதிவேடு தொடங்கிய அன்றைக்கு நான் எழுதி வைத்தது. யாருக்குச் சொல்லப்பட்டது: அறிவிப்புப் பலகை. என்ன சொல்லப்பட்டது: எல்லாம். எதற்காக: காரணம் இல்லை. சொன்னவர்: அஞ்சலை, சூப்பிரண்டு. அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்து. கடைசிக் கட்டம் காலி.

"இத ஏன் மேடம் எழுதினீங்க? யாரும் கேக்கலியே."

"நடந்துச்சே கோமதி. மத்ததெல்லாம் எழுதி இதை மட்டும் விட்டா அது ரெஜிஸ்டரா?"

பேனாவை எடுத்தாள். என் மனசு ஆசைப்பட்டது, மறைக்க மாட்டேன். அந்தக் கட்டத்தில் அவள் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் என் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். அவள் பேனாவை அந்தக் கட்டத்துக்கு மேலே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு மூடி வைத்துவிட்டாள்.

"இதுல மட்டும் நான் போட மாட்டன் மேடம்."

"போடாத," என்றேன். அவள் உறையை அவளிடமே கொடுத்தேன். பையில் வைத்துக்கொண்டு போனாள்.

இப்போது அவள் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அங்கே சேரும்போது கண் விஷயத்தை யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று அவளே தாளில் எழுதிக் கொடுத்தாளாம். பிறகு அக்காவுக்கு என்ன ஆனது என்பதை எழுத எனக்கு அனுமதி இல்லை.

பிரவீணாவிடம் நான் சொன்னது இதுதான். அந்தக் கேள்வியை மூடியே வை. மாணவர் திறந்தால் மட்டும் திறக்கட்டும், அவர் சொன்ன ஆளுக்கு மட்டும். யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்பது மாணவருக்குத் தெரியட்டும். சொல்லாமல் விட்டால் என்ன சிக்கல் வரும் என்பதையும் அதே இடத்தில் எளிமையாக எழுதி வை. மேலே இருப்பவர்கள் முடியாது என்றால் எனக்கு ஒரு போன் போடு, மூன்று பஸ் மாறி நானே வருகிறேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. போன வாரம் கூப்பிட்டு, கூட்டத்தில் முதல் சுற்றுத் தோற்றுவிட்டதாகவும் இரண்டாவது சுற்றுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். நகல் யாருக்கு என்று கேட்டேன். யோசித்துத்தான் போடுவேன் மேடம் என்றாள்.

அனுமதி கொடுக்கத் திரும்பக் கூப்பிட்ட அன்றைக்கு, போனை வைப்பதற்கு முன்னால் கோமதி ஒரு கேள்வி கேட்டாள்.

"மேடம், அந்தக் கட்டம் இன்னும் காலியாத்தான் கீதா?"

"காலியாத்தான் இருக்கு."

"அப்படியே இருக்கட்டும். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு அந்த வரிய மட்டும் காட்டச் சொல்லுங்க. என் பேர மறைச்சிட்டு."

பிரவீணாவிடம் அப்படியே சொல்லிவிட்டேன். என் பெயரை மறைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.